த்ரிம்பாக் ஒயின்களும் அல்சாஸ் சாப்பாடும்: ஞாயிறு விருந்தை வரிசை பிசகாமல் அமைப்பது எப்படி

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், வோஜ் மலையடிவாரத்தில், ரிபோவிலே என்ற சின்ன ஊரில் இருக்கிறது த்ரிம்பாக் குடும்பத்தின் ஒயின் வீடு. அந்த ஒரே வீட்டின் பாட்டில்களை வைத்து ஆறு பேருக்கு அல்சாஸ் முறையில் மதிய விருந்து போடுவதுதான் இங்கே வேலை. ஸ்ட்ராஸ்பூரில் எங்கள் வீட்டு மேசையில் இதைப் பல முறை செய்து பார்த்தாகிவிட்டது. பாரிஸிலிருந்து வரும் நண்பர்கள் செய்து சொதப்பியதையும் பார்த்தாகிவிட்டது.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது ஒரே கல்லில்தான். பாட்டிலுக்குள் எவ்வளவு சர்க்கரை மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமலே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள். அல்சாஸ் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒல்லியாக, உயரமாக இருக்கும். உள்ளே இருப்பது எலுமிச்சை போலச் சுள்ளென்று இருக்குமா, தேன் போல வழியுமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் சமையலுக்கு முன்னால் லேபிளைப் பார்ப்போம்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஆறு பேருக்கு நான் எடுப்பது (பெயர்கள் பெரும்பாலும் திராட்சை வகைகளுடையவை): பினோ பிளாங் ஒன்று, ரீஸ்லிங் இரண்டு, கெவுர்ட்ஸ்திராமினர் ஒன்று, இனிப்பு வகையான வொன்தாஞ் தார்தீவ் அரை பாட்டில். இவை போக, சமைப்பதற்கு மலிவான இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒன்று.

ஒரு பாட்டில் 750 மில்லி. ஆறு பேருக்கு ஆளுக்கு 80 மில்லி ஊற்றினால் ஒரு சுற்றுக்குப் போதும், மிச்சமும் இருக்கும். முக்கிய உணவுக்கு மட்டும் இரண்டு முறை ஊற்ற வேண்டும், அதனால்தான் ரீஸ்லிங் இரண்டு. புதியவர்கள் முதல் பாட்டிலையே 150 மில்லி வீதம் நிரப்பிவிடுவார்கள். நான்காவது ஒயின் வரும்போது யாருக்கும் நாக்கு வேலை செய்யாது.

ஆளுக்கு இரண்டு கிளாஸ், ஒரு தண்ணீர் டம்ளர், நிறைய ரொட்டி, ஐஸ் போட ஒரு வாளி, முடிந்தால் ஒரு தெர்மாமீட்டர். பிரான்சில் கார் ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக்கூடாது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு 0.2 தான். எல்லா ஒயினையும் ருசி பார்த்துவிட்டு ஓட்டலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஓட்டப்போவது யார் என்பதை முதல் கார்க் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

2. லேபிளில் சர்க்கரையைப் பாருங்கள்

2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் ஒயின் லேபிளில் இனிப்பின் அளவைச் சொல்லியாக வேண்டும். நான்கு சொற்கள்தான். ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது, பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை. புளிப்பு கூடுதலாக இருந்தால் 9 கிராம் வரை போகலாம். ‘தெமி-செக்’ லேசான இனிப்பு. ‘முவாலே’ நல்ல இனிப்பு, 45 கிராம் வரை. அதற்கும் மேலே போனால் ‘தூ’.

9 கிராம் இருந்தும் எப்படி இனிப்பில்லாதது ஆகிறது என்று கேட்பார்கள். எலுமிச்சம்பழச் சாற்றில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் இனிக்கவா செய்கிறது? புளிப்பு கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். ரீஸ்லிங்கில் நடப்பதும் இதுவே.

2021க்கு முந்தைய பாட்டிலாக இருந்தால் அந்தச் சொல் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அப்போது அந்த வீட்டின் கைவழக்கத்தைத் தெரிந்துகொள்வதுதான் வழி. த்ரிம்பாக் வீட்டார் வழக்கமான வரிசையை இனிப்பில்லாமல், புளிப்பு தூக்கலாகச் செய்பவர்கள். மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாவது நொதித்தலை அவர்கள் நடக்கவிடுவதில்லை. அதனால்தான் அந்தப் பச்சை ஆப்பிள் கூர்மை மிஞ்சுகிறது. பக்கத்து ஊரில் வேறொரு வீட்டின் ரீஸ்லிங் உருண்டையாக, லேசாக இனித்துக்கொண்டு இருக்கலாம். அங்கே வாங்கிவிட்டு இந்த வழிகாட்டியைப் பின்பற்றினால் கணக்கு தப்பும்.

3. பாட்டில்களை மூன்று கும்பலாகப் பிரியுங்கள்

எடை குறைந்தவை முதலில். பினோ பிளாங்கும் மஸ்கட்டும் இந்தப் பக்கம். அல்சாஸில் பினோ பிளாங் என்று விற்கும் பாட்டிலில் ஒசெருவா என்ற திராட்சையும் கலந்திருப்பது சகஜம், அது ஏமாற்று வேலை இல்லை.

நடுவில் ரீஸ்லிங்குகள். இதில் மூன்று படி இருக்கிறது: சாதாரண ரீஸ்லிங்கும் ரிசர்வும் முதல் படி, கைஸ்பெர்க், ஓஸ்டர்பெர்க் சரிவுகளிலிருந்து வரும் ‘கியூவே ஃப்ரெதெரிக் எமீல்’ அடுத்தது, உனாவீர் ஊரின் ரோசாக்கெர் நிலத்துக்குள் இருக்கும் 1.67 ஹெக்டேர் துண்டிலிருந்து வரும் ‘க்ளோ சேன்த் யூன்’ உச்சி. கடைசியாகச் சொன்னதன் விலை நூறு யூரோவைத் தாண்டும். பினோ கிரியும் இதே நடுக் கும்பல்தான், உடம்பு மட்டும் கனம்.

கடைசியில் மணம் மிகுந்தவையும் இனிப்பானவையும்: கெவுர்ட்ஸ்திராமினர், அப்புறம் வொன்தாஞ் தார்தீவ், செலெக்சியோன் தெ க்ரேன் நோப்ள். வொன்தாஞ் தார்தீவ் தாமதமாகப் பறித்த பழத்தின் ஒயின். பின்னது, நல்ல பூஞ்சை பிடித்துச் சுருங்கிய மணிகளைக் கையால் பொறுக்கிச் செய்வது.

மேசையிலும் இதே வரிசை. இனிப்புக்குப் பிறகு இனிப்பில்லாததைக் குடித்தால் நாக்கு ஏமாந்துபோகும். பாயசம் குடித்த வாயால் மோரைக் குடித்துப் பாருங்கள், புரியும்.

4. அடுப்பைத் தொடுமுன் நான்கு கேள்விகள்

தட்டில் புளிப்பு எவ்வளவு? ஒயினின் புளிப்பு அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று போகும்.

தட்டில் இனிப்பு இருக்கிறதா? இருந்தால் ஒயின் அதைவிட இனிக்க வேண்டும்.

கொழுப்பும் உப்பும் எவ்வளவு? இரண்டும் கூர்மையான ஒயினுக்கு நண்பர்கள். கொழுப்பைப் புளிப்பு கழுவும், புளிப்பை உப்பு அடக்கும்.

வினிகர் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா? அல்சாஸ் வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட், முள்ளங்கி சாலட் எல்லாவற்றிலும் வினிகர் வரும். நல்ல ஒயின் அதன் முன்னால் நிற்காது. நான் வினிகருக்குப் பதிலாக இரண்டு ஸ்பூன் ரீஸ்லிங்கையும் கொஞ்சம் எலுமிச்சையும் விடுகிறேன்.

5. தொடக்கம்: தார்த் ஃபிளாம்பேயும் பினோ பிளாங்கும்

கையளவு மாவைக் காகிதம் போலத் தேய்த்து, மேலே புளித்த க்ரீம், மெல்லிய வெங்காயம், புகைபோட்ட பன்றித் துண்டுகள். அடுப்பு எவ்வளவு சூடாகப் போகுமோ அவ்வளவு சூட்டில் சில நிமிடம். வெங்காயத்துக்கு இனிப்பும் க்ரீமுக்கு லேசான புளிப்பும் இருப்பதால் பினோ பிளாங் போதும். இங்கே ரீஸ்லிங் ஊற்றினால் அடுத்த சுற்றுக்கு ஏற வேண்டிய படியே இருக்காது.

ஏப்ரலிலிருந்து ஜூன் கடைசி வரை வெள்ளை அஸ்பராகஸ் காலம். அப்போது தார்த்தை விட்டுவிட்டு அஸ்பராகஸ் வைத்து, மஸ்கட் ஊற்றுங்கள். மஸ்கட் என்றதும் தித்திப்பு என்று நினைப்பார்கள். தெற்கு பிரான்சில் அப்படித்தான், அல்சாஸ் மஸ்கட் பெரும்பாலும் இனிப்பில்லாதது, அப்போதுதான் பறித்த திராட்சையைக் கடித்த மாதிரி இருக்கும். அஸ்பராகஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பு ஒயினைத் தகரம் போல ஆக்கிவிடும். மஸ்கட் மட்டும் அதன் பச்சை வாசனையோடு ஒத்துப்போகிறது.

6. நடுப்பகுதி: மீனா, சூக்ரூத்தா?

இரண்டையும் ஒரே விருந்தில் வைக்காதீர்கள். வைத்தால் மீனுக்கு ஒரு ரீஸ்லிங், சூக்ரூத்துக்கு ஒன்று என்று போய், எது உயர்ந்தது, எது முதலில் என்ற குழப்பம் வரும்.

மீன் என்றால். ட்ரவுட்டை வெண்ணெயில் பொரித்து பாதாம் தூவினால் ரீஸ்லிங் ரிசர்வ். சாண்ட்ர் என்ற ஆற்றுமீனைத் தோலோடு வதக்கி, வெண்ணெய் மட்டும் விட்டுப் பரிமாறினால் ஃப்ரெதெரிக் எமீலை எடுக்கலாம். தட்டு எவ்வளவு அடக்கமாக இருக்கிறதோ அவ்வளவு உயர்ந்த பாட்டிலுக்கு இடம் உண்டு. க்ளோ சேன்த் யூன் கையில் இருந்தால் அன்றைக்கு வெண்ணெய், உப்பு, நல்ல மீன், அவ்வளவே. மீனுக்குச் சிவப்பு வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஒருவர் எப்போதும் வருவார். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் பழைய மீன் நாற்றம் தங்கும் என்று சொல்லிவிடுங்கள்.

சூக்ரூத் என்றால். இது உப்பில் நொதிக்கவிட்ட முட்டைக்கோஸ். மேலே புகைபோட்ட பன்றி இறைச்சி, சாசேஜ், வேகவைத்த உருளைக்கிழங்கு. புளிப்பு, கொழுப்பு, உப்பு, புகை நான்கும் ஒரே தட்டில். இதற்கு நிற்பது ரீஸ்லிங் ஒன்றுதான், அதுவும் சாதாரண ரீஸ்லிங் அல்லது ரிசர்வ். ஒரு நண்பர் பெருமைக்கு ஃப்ரெதெரிக் எமீலைத் திறந்தார். புகையும் கடுகும் அதன் நுணுக்கத்தை முழுசாக மூடிவிட்டன, குடித்தவர்களுக்குப் புளிப்பு மட்டும்தான் தெரிந்தது.

வரிசை இப்படி. ஆறு பேருக்கு இரண்டு கிலோ பச்சை சூக்ரூத். குளிர்ந்த நீரில் ஒரு முறை, கடுமையாகப் புளித்திருந்தால் இரண்டு முறை அலசிக் கையால் பிழியுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் எந்த ஒயினாலும் புளிப்பை ஈடுகட்ட முடியாது. அளவுக்கு மீறி அலசினால் வெறும் வைக்கோல்தான் மிஞ்சும். அதனால் அலசிய பிறகு ஒரு இழையை வாயில் போட்டுப் பாருங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் வாத்துக் கொழுப்பு, வெங்காயம், அதன் மேல் சூக்ரூத், ஜூனிப்பர் காய் பத்து, பிரிஞ்சி இலை, இரண்டு கிராம்பு. சமையல் ஒயினில் அரை பாட்டில் ஊற்றி, புகைபோட்ட இறைச்சியைப் புதைத்து மூடி, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். உப்பைக் கடைசியில் பாருங்கள், இறைச்சியே வேண்டியதை விட்டிருக்கும். சாசேஜைக் கடைசி பத்து நிமிடம் கொதிக்காத சுடுநீரில் வைத்தால் போதும், கொதித்தால் வெடிக்கும்.

சமையல் ஒயின் கட்டாயம் ‘செக்’ ஆக இருக்க வேண்டும். தெமி-செக் பாட்டிலை ஊற்றினால் தண்ணீர் வற்ற வற்றச் சர்க்கரை சாறில் கூடிவிடும். அந்தச் சாறோடு குடிக்கும் ரீஸ்லிங் கடுப்பாக, மெலிந்து தெரியும். அன்றைக்கு எல்லோரும் பாட்டிலைத் திட்டுவார்கள், குற்றவாளி பாத்திரத்தில் இருப்பான்.

பக்கத்தில் ரெய்ஃபோர் வைப்பார்கள், மூக்கைத் துளைக்கும் காட்டமான ஒரு கிழங்குத் துருவல். கொஞ்சமாக. வாய் எரிந்தால் ஒயின் தெரியாது.

7. குளிர்காலத்தில்: பெக்கஓஃபவும் பினோ கிரியும்

சூக்ரூத் பிடிக்காதவர்களுக்கு இது. மாடு, பன்றி, ஆடு மூன்று இறைச்சியையும் முதல் நாள் இரவே வெள்ளை ஒயினில் ஊறப்போட்டு, மறுநாள் உருளைக்கிழங்கு, லீக்ஸ் அடுக்கி, மண்சட்டியின் மூடியை மாவால் ஒட்டி, மூன்று மணி நேரம் ஓவனில். சூஃப்லென்ஹைம் ஊர்ச் சட்டியில்தான் செய்வார்கள். மாவு எதற்கென்றால் ஆவி வெளியேறாமல் இருக்க. நடுவில் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. அப்புறம் மேல் அடுக்கு உருளைக்கிழங்கு காய்ந்துவிட்டது என்பார்கள்.

இதில் புளிப்பு குறைவு, கனம் அதிகம். ரீஸ்லிங் கொஞ்சம் விறைப்பாக நிற்கும், பினோ கிரி ‘ரிசர்வ் பெர்சொனெல்’ உட்கார்ந்து பேசும். பினோ கிரி வாங்கும்போது இனிப்புச் சொல்லை இரண்டு முறை பாருங்கள், அல்சாஸில் அதிகம் ஏமாற்றுவது இந்தத் திராட்சைதான். சிவப்பு கேட்பவர்களுக்கு பினோ நுவாரை இங்கே ஊற்றலாம். துவர்ப்பு குறைவான ஒயின், சண்டை போடாது.

8. சீஸ்: மன்ஸ்டெரும் கெவுர்ட்ஸ்திராமினரும்

மன்ஸ்டெர் சீஸின் தோலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பழுக்கவிடுவார்கள், நாற்றம் அடுத்த அறைக்கும் போகும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். குளிர்ந்த மன்ஸ்டெர் ரப்பர்.

சீஸுக்குச் சிவப்பு என்ற பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். சிவப்பின் துவர்ப்பும் இந்தத் தோலின் கசப்பும் சேர்ந்தால் விழுங்கவே முடியாது. கெவுர்ட்ஸில் துவர்ப்பு இல்லை, புளிப்பும் குறைவு, ரோஜாவும் லிச்சியும் போன்ற மணம் அந்த நாற்றத்துக்கு ஈடு கொடுக்கும். கூடவே கார்வி விதை தூவுவார்கள். அல்சாஸில் அதைச் சீரகம் என்றே சொல்கிறார்கள், நம் சீரகத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. நம் சீரகத்தைப் போட்டால் மணம் தூக்கலாகி ஒயினை அமுக்கிவிடும். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு பக்கத்தில் இருக்கட்டும்.

‘கியூவே தே செஞ்ஞர் தெ ரிபோபியேர்’ என்ற உயர்ந்த கெவுர்ட்ஸ் இந்த வீட்டில் இருக்கிறது. அதை வாங்கினால் இளம் மன்ஸ்டெரே போதும், முற்றியது வேண்டாம்.

9. இனிப்பும், வாத்து ஈரல் சிக்கலும்

கடைசிக்கு கூகெல்ஹோஃப், திராட்சையும் பாதாமும் போட்ட ஈஸ்ட் கேக். அதிகம் இனிக்காது, அதனால் கெவுர்ட்ஸ் வொன்தாஞ் தார்தீவுக்குப் பொருந்தும். ஆளுக்கு 60 மில்லி போதும். சாக்லேட் மட்டும் வேண்டாம், அது ஒயினை அப்படியே விழுங்கிவிடும்.

வாத்து ஈரல், அதாவது ஃபுவா க்ரா, வந்தால் வரிசை இடிக்கும். அது முதல் தட்டு, ஆனால் கேட்பது இனிப்பு ஒயின். முதல் முறை நான் வழக்கப்படி இனிப்பு பினோ கிரியோடு அதைத் தொடக்கத்தில் வைத்தேன். அடுத்து வந்த ரீஸ்லிங்கை மேசையே முகம் சுளித்துக் குடித்தது. தீர்வு இரண்டு: ஈரலோடு இனிப்பில்லாத பினோ கிரி ஊற்றலாம், அல்லது ஈரலுக்குப் பின் ஒரு கோப்பை சூடான தெளிந்த சூப் கொடுத்துப் பத்து நிமிடம் விட்டு ரீஸ்லிங்குக்குப் போகலாம். எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது.

10. குளிர்ச்சி

வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் குத்தும். பினோ பிளாங், மஸ்கட், சாதாரண ரீஸ்லிங் 8 முதல் 10 டிகிரி. ஃப்ரெதெரிக் எமீல், பினோ கிரி, கெவுர்ட்ஸ் 10 முதல் 12. இனிப்பு 8 முதல் 10. பினோ நுவார் 14 முதல் 16. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஊற்றுவதற்கு 20 முதல் 30 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள்.

மறந்துபோய்ப் பாட்டில் வெளியிலேயே இருந்துவிட்டதா? வாளியில் ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, 20 நிமிடம். வெறும் ஐஸ் போட்டால் பாட்டிலை முழுசாகத் தொடாது, நேரம் பிடிக்கும்.

11. அன்றைய நேர அட்டவணை

ஒரு மணிக்கு உட்கார வேண்டுமென்றால் பத்தரைக்குச் சூக்ரூத் அடுப்பில் ஏற வேண்டும். பன்னிரண்டுக்கு மன்ஸ்டெர் வெளியே. பன்னிரண்டேகாலுக்கு எல்லா பாட்டிலையும் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் முகர்ந்து ருசி பாருங்கள், துப்பிவிடுங்கள். ஃப்ரெதெரிக் எமீல் இருந்தால் அதற்கு ஒரு மணி நேரக் காற்று நல்லது. பன்னிரண்டரைக்கு ஓவனைச் சூடேற்றத் தொடங்கலாம்.

விருந்தாளிகள் முன்னால் திறந்துதான் காட்ட வேண்டும் என்பதில்லை. முன்பே திறந்தால் கெட்டுப்போன பாட்டிலை மாற்ற நேரம் கிடைக்கும்.

12. ஏதாவது விபரீதமாகத் தெரிந்தால்

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை: கார்க் கெடுத்துவிட்டது. குடிக்க வேண்டாம், கார்க்கோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை: கோளாறு இல்லை, வயதானால் இந்தத் திராட்சைக்கு வரும் குணம். ஒரு நண்பர் இதற்காகவே நல்ல பாட்டில் ஒன்றைச் சிங்க்கில் கொட்டினார், நான் வருவதற்குள்.

அடியில் கண்ணாடித் தூள் போன்ற படிகம்: டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. ஃப்ரிட்ஜ் குளிரில் படியும், கெடுதல் இல்லை. நிற்கவைத்து மெதுவாக ஊற்றுங்கள்.

மிச்சமான இனிப்பில்லாத ஒயினைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இனிப்பானது ஒரு வாரம். மிச்ச ரீஸ்லிங்கைத் திங்கட்கிழமை மீந்த சூக்ரூத்தில் ஊற்றிச் சூடுபண்ணுங்கள், முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.